சக்கர நாற்காலியில் வருபவர்களுடன் ஆற்றில் தூண்டில் போட ஒரு நாள்: எப்படித் திட்டமிடுவது?

தக்கைமிதவை:

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் நான்கு பேரை ஆற்றங்கரைக்குத் தூண்டில் போட அழைத்துப் போகிறோம். விடிகாலையில் தொடங்கிப் பிற்பகல் வரை. நான்கு பேருக்கும் தூண்டில் பழக்கம் உண்டு. உடல்நிலை மாறிய பிறகு கரைக்கு வருவதையே விட்டுவிட்டார்கள்.

ஒருவர் கையால் உருட்டும் சக்கர நாற்காலி. தண்டுவடக் காயம், டி-4 மட்டம், அதாவது மார்புப் பகுதியின் நான்காவது மட்டத்தில். மார்புக்குக் கீழே உணர்வு இல்லை, கைகளில் நல்ல பலம். அடுத்தவர் மோட்டார் நாற்காலி, தசை பலவீனம். கையை அசைக்க முடியும், பிடி நிற்காது. மூன்றாமவருக்குப் பக்கவாதம் வந்து இடது கை மட்டும்தான் வேலை செய்கிறது. கைத்தடியோடு மெதுவாக நடப்பார். நான்காமவருக்கு முழங்கால் தேய்மானம், வாக்கர் வைத்திருக்கிறார். உதவிக்கு என்னோடு சேர்த்து மூன்று பேர்.

இடத்தை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? யாருக்கு என்ன ராடு, ரீல்? கரையா, படகா? பாதுகாப்பில் எதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம்? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

ஆற்றுப்படுகை:

மீன் எங்கே நிற்கிறது என்று தேடிவிட்டு, அங்கே நாற்காலி போகுமா என்று பிறகு பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. வண்டி நிற்கிற இடத்திலிருந்து தண்ணீர் விளிம்பு வரை சக்கரம் உருளும் கரைகளை முதலில் பட்டியல் போடுங்கள். அதற்குள் மீனைத் தேடிக்கொள்ளலாம். இதில் கடைசிப் பத்து மீட்டர்தான் எல்லாவற்றையும் முடிவு செய்யும்.

சரிவை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். 120 செ.மீ. நீளமுள்ள நேரான சட்டம் ஒன்று, ஒரு ரசமட்டம் போதும். சட்டத்தின் ஒரு முனையை மேட்டுப் பக்கம் தரையில் வைத்து, பள்ளத்துப் பக்க முனையை ரசமட்டக் குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் நடுவே 6 செ.மீ. இருந்தால் சரிவு 1:20. கையால் உருட்டுபவர் தானாகவே ஏறி இறங்குவார். 10 செ.மீ. என்றால் 1:12. பின்னால் ஒருவர் இருந்தால் போகலாம். அதற்கு மேல் இருந்தால் அந்தக் கரையை விட்டுவிடுங்கள். இறக்கிவிடுவது எளிதாகத்தான் இருக்கும். களைத்துப்போன கைகளோடு திரும்ப ஏறவேண்டுமே, அங்கேதான் தடுமாறும்.

குறுக்குச் சரிவையும் இதேபோல் அளந்துவிடுங்கள். பாதை ஆற்றோரமாகப் போகும்போது 120 செ.மீ.க்கு 2.5 செ.மீ.க்கு மேல் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்திருந்தால் நாற்காலி தானாகவே ஆற்றை நோக்கி இழுக்கும். தள்ளுகிறவர் அதைச் சரிசெய்துகொண்டே போகவேண்டும். பத்தடி போனால் தோள் விட்டுப்போகும்.

தரை எப்படி என்று தெரிய குதிகாலை ஊன்றி ஒரு திருப்புத் திருப்பிப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் நாற்காலியின் சின்ன முன்சக்கரம் அங்கே புதையும். மணலோ சரளையோ கொஞ்சதூரம்தான் என்றால் நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முன்னே போகும்படி பின்னோக்கி இழுத்துக் கடந்துவிடலாம். பழைய படகுத்துறைக் காங்கிரீட் சரிவைப் பார்த்து ஏமாறாதீர்கள். தண்ணீர் ஏறி இறங்கும் பட்டையில் பாசி படிந்திருக்கும். அங்கே பிரேக் போட்ட சக்கரமும் வழுக்கும்.

இனி ஆறு. வளைவின் வெளிப்பக்கம் ஆழமாக இருக்கும், மீனும் கரையோடு நிற்கும். ஆனால் நீரோட்டம் அடிமண்ணை அரித்து, மேலே புல்லும் கீழே வெற்றிடமுமாக விட்டிருக்கும். 150 கிலோ ஏறினால் அந்த விளிம்பு இடிந்துவிடும். உட்பக்கம் மணல் திட்டு. ஏறி இறங்க வசதி, தண்ணீர் ஆழமில்லை. இரண்டுக்கும் நடுவில், வளைவு முடிந்து ஆறு நேராகத் தொடங்கும் இடத்தில் பாருங்கள். உட்கார்ந்தபடி வீசினால் பெரும்பாலும் 15 முதல் 20 மீட்டர்தான் போகும். அதனால் கரையிலிருந்து பத்து மீட்டருக்குள் ஒன்றரை மீட்டர் ஆழமாவது வேண்டும். வேகமான ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசும் கோடு, சுழி, ஓடை வந்து கலக்கும் வாய், இதில் ஏதாவது ஒன்று அந்த எல்லைக்குள் இருந்தால் போதும்.

போகும்போது ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுபோய், ஒவ்வொரு இடத்திலும் உட்கார்ந்து பாருங்கள். உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து சுமார் 115 செ.மீ. உயரத்தில் இருக்கும். நின்றால் தெரியாத நாணல் அப்போது சுவராக நிற்கும். கைப்பிடிச் சுவர் உள்ள மேடை என்றால் அதன் உயரம் முக்கியம். அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு அணுகல் தரநிலை, மீன்பிடி மேடைகளில் கைப்பிடியின் கால் பங்காவது 34 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 86 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது என்கிறது. எந்த ஊர் மேடையையும் இந்த அளவை வைத்துப் பார்க்கலாம். அதற்கு மேல் போனால் ராடு கம்பியில் இடிக்கும், தக்கையும் கண்ணுக்குத் தெரியாது.

ஒவ்வொருவருக்கும் 1.5 மீட்டர் சதுரம் சமதரை வேண்டும், நாற்காலி அதற்குள் ஒரு சுற்றுத் திரும்பவேண்டும். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் 5 மீட்டர் இடைவெளி விடுங்கள். உட்கார்ந்து வீசும்போது ராடு தலைக்கு மேலே போகாமல் பக்கவாட்டில்தான் சுழலும். காற்று முதுகுப் பக்கத்திலிருந்து வரும் கரையாக இருந்தால் பலம் குறைந்தவருக்கும் வீச்சு எட்டும்.

இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மேலே மின்கம்பி போனால் அதிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருங்கள்; கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். மேல்நிலையில் அணை இருந்தால் தண்ணீர் திறக்கும் நேரத்தை முந்தின நாளும் அன்று காலையும் கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற தூண்டில்காரர்கள் தண்ணீர் ஏறினால் எழுந்து நடந்துவிடுவார்கள். உங்கள் குழுவுக்கு மேலேற இருபது நிமிடமாவது ஆகும்.

---

ஒற்றைக்கை ரீல்:

கருவி பற்றி நான் சொல்கிறேன். ஆளுக்கு ஆள் மாறும், நால்வருக்கும் ஒரே செட் வாங்கிவிடாதீர்கள்.

பக்கவாதம் வந்தவருக்கு மூடிய முகப்புள்ள ஸ்பின்காஸ்ட் ரீல். கட்டைவிரலால் பட்டனை அழுத்தி, வீசும்போது விட்டால் தூண்டில் நரம்பு வெளியே ஓடும். சாதாரண ஸ்பின்னிங் ரீலில் வளையத்தைத் திறக்கவும் நரம்பை விரலில் பிடிக்கவும் ராடைத் தாங்கவும் ஒரே கை போதாது. வீசி முடித்ததும் ராடைத் தாங்கியில் செருகிவிட்டு, அதே இடது கையால் சுற்றலாம். கைப்பிடி இடப்பக்கம் மாற்றக்கூடிய மாடல்தானா என்று வாங்கும்போதே பாருங்கள். வலப்பக்கம் மட்டும் பொருத்தக்கூடியவை நிறைய உண்டு. தாங்கி நாற்காலியில் இருக்கவேண்டாம், தரையில் அடித்த இரும்பு முளையில் இருக்கட்டும்.

முடிச்சுப் போடுவது அவருக்குப் பெரிய தொல்லை. 30 செ.மீ. நரம்பில் முள் கட்டிய துண்டுகளை வீட்டிலேயே இருபது தயார் செய்து, நுரைத்தக்கை உருளையில் சுற்றிவையுங்கள். மெயின் நரம்பின் முனையில் ஸ்னாப் ஸ்விவல், அதாவது திறந்து மூடும் கொக்கியுள்ள சுழல் இணைப்பு. கழற்றி மாட்ட ஒரு கை போதும், ஸ்விவலைப் பிடித்துக்கொள்ளத் தொடைக்கு அருகே ஒரு கவ்வி இருந்தால்.

பிடி நிற்காதவருக்கு ராடின் அடிப்பகுதியில் குழாய்க்கு உறையாகப் போடும் ஃபோம் சுற்றித் தடிமனாக்குங்கள். மெல்லிய பிடியைவிடத் தடித்த பிடிக்குக் குறைந்த பலம் போதும். ராடோடு மணிக்கட்டைச் சேர்க்கும் வெல்க்ரோ பட்டை போடலாம், ஆனால் ஒரே இழுப்பில் கழலவேண்டும். ரீல் கைப்பிடியில் இருக்கும் சின்னக் குமிழுக்குப் பதில் உள்ளங்கை முழுதும் அமரும் உருண்டைக் குமிழ் மாட்டுங்கள். அதுவும் முடியாவிட்டால் 12 வோல்ட் மின் ரீல். எடை அதிகம், கையில் வைத்துக்கொள்ளும் சாமான் இல்லை. தாங்கியில் நிலையாக இருக்கட்டும். பேட்டரி தனியாக வேண்டும். நாற்காலியின் பேட்டரியிலிருந்து எடுக்கவே கூடாது. பெரும்பாலான மோட்டார் நாற்காலிகள் 24 வோல்ட்டில் ஓடுபவை. அதோடு, திரும்ப மேலேறவேண்டிய மின்சாரம் அது.

டி-4 காரருக்கு கையில் குறை இல்லை, இடுப்புக்கு மேலே நிதானம் நிற்காது. இரண்டு கையாலும் வீசினால் உடம்பு முன்னால் சாயும். 2.1 மீட்டர் ராடு, அடிப்பிடி குட்டையானது. நீளமாக இருந்தால் மடியிலும் கைத்தாங்கியிலும் முட்டும். ஒரு முழங்கையை நாற்காலியின் பின்கைப்பிடியில் மாட்டிக்கொண்டு மறு கையால் வீசச் சொல்லுங்கள். இன்னொன்று, இடத்தில் நிறுத்தும்போது நாற்காலியைச் சற்றுப் பின்னே உருட்டினால் முன்சக்கரங்கள் முன்னோக்கித் திரும்பிக்கொள்ளும். சக்கரங்களின் இடைவெளி நீண்டு, முன்பக்கம் கவிழும் வாய்ப்பு குறையும். பிரேக்கை அதன்பிறகு போடவேண்டும்.

வாக்கர்காரருக்கு ராடைவிட நாற்காலிதான் முக்கியம். தூண்டில்காரர்கள் உட்காரும் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தால் எழவே முடியாது. இருக்கை 50 செ.மீ. உயரம், இரு பக்கமும் கைத்தாங்கி, நான்கு காலுக்கும் அடியில் பலகை. எழும்போது எடை முழுக்கக் கைத்தாங்கி வழியாகக் காலில் இறங்கும். பலகை இல்லாவிட்டால் ஒரு கால் மண்ணில் புதைந்து நாற்காலி சாயும்.

நால்வருக்கும் பொதுவாகச் சில. முள் வட்டமுள்ளாக, அதாவது நுனி உள்பக்கம் வளைந்ததாக இருக்கட்டும். சுண்டி இழுக்கத் தேவையில்லை, மீன் இரையோடு நகரும்போது நிதானமாகச் சுற்றினால் வாயோரத்தில் தானே ஏறும். பழக்கதோஷத்தில் சுண்டினால் முள் வெளியே வந்துவிடும். பழைய தூண்டில்காரர்கள் முதல் ஒரு மணிநேரம் மீனைக் கோட்டைவிடுவது இதனால்தான். நுனிக்கு அருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறடால் அழுத்தி மடக்கிவிடுங்கள். மீனிலிருந்து எடுப்பதற்கும், அதைவிட முக்கியமாக மனிதர் உடம்பில் ஏறினால் எடுப்பதற்கும் எளிது.

டிராக்கை, அதாவது மீன் பலமாக இழுத்தால் ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை, வீட்டிலேயே சுருள்வில் தராசில் கட்டிப் பார்த்து வையுங்கள். நரம்பின் தாங்குபலத்தில் கால் பங்கு போதும். 6 கிலோ நரம்புக்கு 1.5 கிலோ. நின்றுகொண்டிருப்பவர் இழுப்புக்கு ஏற்ப நாலடி நகர்ந்துகொள்வார், உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. ராடைப் பறிகொடுக்காமலிருக்க ஒரு கயிறு கட்டுங்கள், ஆனால் கயிறு தரை முளையில் முடியவேண்டும். நாற்காலியிலோ ஆளிலோ கட்டவே கூடாது.

ஏந்துவலைக்கு 2 முதல் 2.5 மீட்டர் கைப்பிடி வேண்டும். வலை எப்போதும் உதவியாளர் கையில். மீன் கரைக்கு வரும் நேரத்தில்தான் ஆட்கள் முன்னால் குனிவார்கள், விபத்தும் அப்போதுதான் நடக்கும்.

படகை முதல் பயணத்தில் சேர்க்காதீர்கள். முன்பக்கம் சரிவாக இறங்கும் அகலமான தட்டையடிப் படகு இருந்தால் சரி. சின்னப் படகில் நாற்காலியோடு ஏற்றினால் எடை மேலே நின்று படகு ஆடும். நாற்காலியிலிருந்து படகு இருக்கைக்கு ஆளைத் தூக்கி மாற்றுவது பழகியவர்கள் செய்யவேண்டிய வேலை.

---

கரைக்காவல்:

மேலே சொன்ன இரண்டு பேரும் ஆற்றையும் கருவியையும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். உடம்பைப் பற்றி நான்.

டி-4 என்றதுமே இரண்டு ஆபத்து ஞாபகம் வரவேண்டும். முதலாவது வெயில். காயத்துக்குக் கீழே வியர்வை சரியாக வராது, உடம்பு தானாகக் குளிராது. முகம் வியர்க்கிறதே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். நிழல், தண்ணீர் தெளிக்கும் பாட்டில், கழுத்தில் ஈரத்துணி, இவை தாகம் எடுக்கும் முன்பே வேண்டும்.

இரண்டாவது, டி-6 மட்டத்திலோ அதற்கு மேலேயோ காயம் உள்ளவர்களுக்கு வரும் திடீர் இரத்த அழுத்த ஏற்றம். சிறுநீர்க் குழாய் மடங்கியோ பை நிரம்பியோ இருந்தாலே தூண்டிவிடும். மண்டை பிளக்கும் தலைவலி, முகமும் கழுத்தும் சிவந்து வியர்த்தல் இதன் அடையாளம். உடனே நிமிர்த்தி உட்காரவையுங்கள், படுக்கவைக்கக் கூடாது. பெல்ட், இறுக்கமான உடை, காலுறையைத் தளர்த்துங்கள். குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா பாருங்கள். காரணம் தெரியாவிட்டாலோ, நீக்கியும் குறையாவிட்டாலோ ஆம்புலன்ஸ் கூப்பிடவேண்டும். அவருக்கே இது நன்றாகத் தெரிந்திருக்கும். உதவிக்கு வரும் மூவருக்கும் முந்தின நாளே அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். ஃபோன் சிக்னல் கிடைக்கிறதா என்பதைக் கரையில் நின்று பாருங்கள், மேலே சாலையில் இல்லை.

உணர்வில்லாத காலில் முள் ஏறினால் அவருக்குத் தெரியாது. மடியில் தடித்த கேன்வாஸ் துணி விரித்து, மூடிய ஷூ போட்டு, நாற்காலியில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் தொடை, பாதம் பார்க்கவேண்டும். வெயிலில் காய்ந்த இரும்புத் தாங்கி தொடையில் படாமல் பாருங்கள். மீன் கடிக்கும் ஆர்வத்தில் அழுத்தப்புண் விஷயம் மறந்துவிடும். அரைமணிக்கு ஒருமுறை அலாரம் வைத்து, ராடை வாங்கிக்கொண்டு, இரண்டு நிமிடம் முன்னால் சாய்ந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ எடையை மாற்றச் சொல்லுங்கள். தண்ணீர் விளிம்பிலிருந்து பின்னே வந்து செய்யவேண்டும். ஃபோம் மெத்தை நனைந்தால் தோல் ஊறிப்போகும். நீர்புகா உறை போடுங்கள்.

பக்கவாதம் வந்தவருக்கு உதவி செய்பவர் பலவீனமான பக்கம், அரையடி பின்னால் நிற்கவேண்டும். அந்தப் பக்கம் பார்வையும் குறைந்திருக்கலாம், அங்கே முள்பெட்டியை வைக்காதீர்கள். முழங்கால்காரர் இறங்கும்போது வலிக்கும் கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில்.

கழிப்பறை முப்பது மீட்டரில் இல்லாத கரையைத் தேர்ந்தெடுத்தால், ஆட்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். வாயால் சொல்லமாட்டார்கள். டி-4காரருக்கு இது நேரடி ஆபத்து. 1.5 மீட்டர் சதுர மறைப்புக் கூடாரமும் கமோடு நாற்காலியும் கொண்டுபோனால் இந்தப் பிரச்சினையே இல்லை.

மிதவை அங்கி எல்லோருக்கும், கரையில் இருந்தாலும். 150 நியூட்டன் மிதப்பு விசை உள்ள அங்கி மயங்கியவரையும் முகம் மேலே வரும்படி திருப்பும் வகை. 50 நியூட்டன் ஃபோம் அங்கி நீந்தத் தெரிந்தவருக்கு உதவிதான், திருப்பாது. காலை அசைக்க முடியாதவருக்கு அங்கி மேலே ஏறி முகத்தை மூடும், கவட்டுப் பட்டை கட்டாயம். தானாக ஊதும் வகையில் வாயு உருளை இறுக்கமாக இருக்கிறதா என்று அன்று காலை கையால் திருகிப் பாருங்கள்.

---

தக்கைமிதவை:

மிகவும் நன்றி, இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டு சந்தேகம். ஒன்று, பார்த்துவைத்திருக்கும் கரையில் 30 செ.மீ. படி ஒன்றும் அதற்குக் கீழே எட்டு மீட்டர் புல்மண்ணும் இருக்கிறது. மோட்டார் நாற்காலிக்குப் பலகை போட்டால் போதுமா? இரண்டு, தண்ணீர் அருகே இடுப்பு பெல்ட் போடலாமா கூடாதா?

---

ஆற்றுப்படுகை:

30 செ.மீ. படிக்கு 1:12 என்றால் 3.6 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். மோட்டார் நாற்காலி மட்டுமே 100 கிலோவைத் தாண்டும், ஆளோடு 200 வரலாம். சாய்தளத்தில் எழுதியிருக்கும் தாங்குதிறன் 300 கிலோவாவது இருக்கட்டும். சாய்தளம் தரையைத் தொடும் இடத்தில் நாற்காலியின் பின்னால் இருக்கும் கவிழ்தடுப்புச் சக்கரம் முட்டும், முதலில் ஆளில்லாமல் ஓட்டிப் பாருங்கள்.

புல்மண்ணுக்கு 18 மி.மீ. ஒட்டுப்பலகை. ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிவைக்காமல் முனையோடு முனை ஒட்டிவைத்து, இணைப்புக்கு அடியில் 30 செ.மீ. பட்டை கொடுங்கள். மூலைகளில் முளை அடிக்கவேண்டும். மோட்டார் நாற்காலி நின்ற இடத்தில் திரும்பும்போது பலகையைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஈரப்பலகை கண்ணாடி மாதிரி வழுக்கும், மேலே ரப்பர் விரிப்பை ஆணியடித்து ஒட்டவேண்டும்.

இடத்துக்கு வந்ததும் மின்சாரத்தை அணைத்துவிடச் சொல்லுங்கள். சட்டைக் கை ஜாய்ஸ்டிக்கில் மாட்டினால் நாற்காலி நேராக ஆற்றுக்குள் போகும். அணைத்தால் மோட்டார் பிரேக் தானே பூட்டிக்கொள்ளும், ஆனால் தள்ளுவதற்காக மோட்டாரைக் கழற்றிவிடும் நெம்புகோல் ஓட்டு நிலையில் இருந்தால்தான். இதைப் பார்க்க மறந்தால் பிரேக்கே கிடையாது.

பெல்ட் வேண்டாம் என்பது என் கருத்து. நாற்காலி கவிழ்ந்து தண்ணீரில் விழுந்தால் மிதவை அங்கி ஆளை மேலே தூக்கும், பெல்ட் நாற்காலியோடு கீழே இழுக்கும்.

---

கரைக்காவல்:

அங்கேதான் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். டி-4காரரைப் பெல்ட் இல்லாமல் உட்காரவைத்தால், மீன் ஒரு இழுப்பு இழுத்ததும் நாற்காலி அப்படியே இருக்கும், அவர் மட்டும் முன்னால் விழுவார். சாய்தளத்தில் இறங்கும்போது சக்கர நாற்காலிக்காரர்கள் இருவருக்கும் பெல்ட் கட்டாயம்.

கரையில் நிறுத்தியபிறகு, முதலில் தடுப்பு. 10 செ.மீ. சதுரக் கட்டை, இரண்டு மீட்டர் நீளம், இரண்டு துளை போட்டு 60 செ.மீ. இரும்பு முளை அடித்து, விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் பின்னே. முன்சக்கரமோ கால்தட்டோ அதில் முட்டி நிற்கவேண்டும். நாற்காலி ஆற்றுக்குள் போகவே வழியில்லை என்று ஆனபிறகு மோட்டார்காரருக்கு பெல்ட் வேண்டாம், அவர் நாற்காலியே தாங்கும். டி-4காரருக்கு மார்பில் வெல்க்ரோ பட்டை, நாற்காலியின் கொக்கி பெல்ட் இல்லாமல். அவரே ஒரு கையால் மூன்று முறை கழற்றிக் காட்டியபிறகுதான் ராடைக் கொடுங்கள்.

---

ஆற்றுப்படுகை:

தடுப்புக்கட்டையை ஒரு மீட்டர் உள்ளே வைத்து வெல்க்ரோ பட்டை என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஏந்துவலைக் கைப்பிடி அந்த ஒரு மீட்டரையும் சேர்த்து எட்டவேண்டும், 2.5 மீட்டரே வாங்குங்கள்.

கடைசியாக, திரும்பும் வரிசை. பலகைப் பாதை ஒற்றைவழி. மோட்டார் நாற்காலி நடுவில் சிக்கினால் பின்னால் இருப்பவர் மாட்டிக்கொள்வார், அதைக் கையால் தூக்கவும் முடியாது. அதனால் அவருடைய இடம் பாதைக்கு மிக அருகில் இருக்கட்டும், ஆனால் மேலேறுவது கடைசியில். முதலில் கை நாற்காலி. அதற்குள் நடப்பவர்கள் இருவரும் ஓரமாகக் கிளம்பிவிடலாம். இரண்டு உதவியாளர்கள் கீழே வந்து மோட்டார் நாற்காலிக்குப் பின்னால் நிற்கலாம்.

வந்ததும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றி, மட்டத்தில் கோடு போட்டுவிடுங்கள். மூன்றாவது உதவியாளருக்குத் தூண்டில் வேலை எதுவும் வேண்டாம். குச்சியைப் பார்ப்பதும், கையில் 20 மீட்டர் எறிகயிறு வைத்திருப்பதும் மட்டும். கோட்டுக்கு மேல் 10 செ.மீ. ஏறினாலோ, தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கிக் குப்பை மிதந்தாலோ, ராடுகளை அப்படியே போட்டுவிட்டு மேலேறத் தொடங்குங்கள். காலையில் முதல் வீச்சுக்கு முன்னால் இதை ஒருமுறை ஒத்திகை பார்த்து, எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். இருபதைத் தாண்டினால் இடங்களை மேலே நகர்த்துங்கள்.